அது நம்மகிட்ட இல்லீங்க

ஜனவரி 22, திங்கள்

இந்த டைரி, புஸ்தகக் கம்பெனிக்காரன் லைப்ரரிக்கு இனாமாக் கொடுத்தது. லைப்ரரியன் நிர்மலா மேடம் ஒண்ணு எடுத்துக்கிட்டாங்க, லைப்ரரியை நடத்தற டிரஸ்ட் தலைவருக்கு ஒண்ணு போச்சு. அட்டை மடங்கின ஒண்ணு யாருக்கும் வேண்டாம்னு கிடந்துச்சு, அது எனக்கு.

எழுதற அளவுக்கு என் பொழப்புல என்ன நடக்குது. காலையில வந்து கூட்டித் தொடைக்கறேன். திரும்பி வந்த புஸ்தகத்தை அலமாரியில அடுக்கறேன். மேடம் இல்லாதப்ப போன் எடுக்கறேன். வர்றவங்களை வம்புக்கு இழுக்கறேன். கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது, ஆனா அதைத்தான் ஒழுங்காச் செய்யறேன்.

ரங்கசாமி அய்யா, பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு, இன்னிக்கு, ஏம்மா பூவாத்தா, உன் வீட்டுக்காரனைக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கறியேன்னாரு. துபாய்ல ஒட்டகம் குளிப்பாட்டறாருங்க, லீவு கிடைக்கலைன்னேன். பல்செட்டு கழண்டு விழற மாதிரி சிரிச்சாரு.

பினாயில் தீர்ந்துருச்சு.

ஜனவரி 24, புதன்

நம்ம லைப்ரரியில என்ன புஸ்தகம் இருக்குதுன்னு வீட்டுல உக்காந்தே செல்போன்ல தேடிப் பாக்க ஒரு பக்கம் இருக்குது. கேட்டலாக்குன்னு பேரு. இருக்குதே தவிர யாரும் அதைத் தொறக்கறதில்ல. நிர்மலா மேடம் கோயமுத்தூருக்கு ரெண்டு நாள் பயிற்சிக்குப் போயிட்டு வந்தாங்க. அந்தப் பக்கத்தோட கலரு, படம், எழுத்து எல்லாத்தையும் நாமளே மாத்திக்கலாமாம். வந்ததுல இருந்து மேடத்துக்கு அதே வேலை.

என்னையக் கூப்பிட்டுக் காட்டினாங்க. சாம்பல் கலரு, நடுவுல ஒரு கறுப்புக் கோடு, ஓரத்துல சின்னச் சின்ன எழுத்து. சாவு நோட்டீஸ் மாதிரி இருக்குதுங்க மேடம், பாக்கறவன் எத்தனை மணிக்கு எடுக்கறாங்கன்னு கேப்பான்னேன். முதல்ல முறைச்சாங்க. அப்புறம் அவங்களும் சிரிச்சுட்டாங்க.

மாம்பழ மஞ்சள் போடச் சொன்னேன். மேலே நம்ம கட்டடத்து போட்டோ. எழுத்தைப் பெருசாக்கினாங்க, நானே கண்ணாடி இல்லாமப் படிச்சேன்.

கீழே "நம் பணியாளர்கள்"னு ஒரு பெட்டி. அதுல என் பேரும் போட்டோவும் போடறேன்னாங்க. என் மூஞ்சியைப் பாத்தா கம்ப்யூட்டரு பயந்து நின்னுரும், வேண்டாம்னுட்டேன். பேரு மட்டுமாவது போடறேனேன்னாங்க. அதுவும் வேண்டாமுங்கன்னேன். கண்ணு பட்டுரும்.

ஜனவரி 29, திங்கள்

இன்னிக்கு வாசகம் மாத்தினோம். ஒரு புஸ்தகத்தைத் தேடி அது இல்லைன்னா, "தேடல் முடிவுகள் எதுவும் இல்லை"ன்னு வந்துச்சு. தாலூக்கா ஆபீஸுல ஜன்னலை முகத்துக்கு நேரா சாத்தற மாதிரி. நம்ம ஊருல அப்படியா சொல்லுவாங்க, "அது நம்மகிட்ட இல்லீங்க"ன்னு போடுங்கன்னேன். மேடம் போட்டுட்டாங்க. கீழேயே "வேற என்ன தேடறீங்க?"ன்னு ஒரு வரி. புஸ்தகம் யாராவது எடுத்துட்டுப் போயிருந்தா "வெளிய போயிருக்குதுங்க".

கம்ப்யூட்டரு நான் பேசற மாதிரியே பேசுது. என்னைய விட மரியாதையாப் பேசுது.

பிப்ரவரி 1, வியாழன்

நம்ம லைப்ரரியில ஒரு பழக்கம். புஸ்தகம் வெளிய போயிருந்தா யாரும் காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க. யாருகிட்ட இருக்குதுன்னு என்கிட்ட கேப்பாங்க. பேக்கரிக்கார அம்மாகிட்ட இருக்குதும்பேன். நேரா அங்க போயி, ஒரு டீயைக் குடிச்சுட்டு, படிச்சாச்சான்னு கேட்டு வாங்கிக்குவாங்க. பொறகு வந்து நம்மகிட்ட பேரு மாத்திக்குவாங்க. ரங்கசாமி அய்யா இப்படியே ஊரு பூராவும் டீ குடிச்சிருக்காரு.

அதையும் அந்தப் பக்கத்துல போட்டுட்டா என்னைய எதுக்குக் கேக்கோணும்னு நான்தான் ஆரம்பிச்சேன். மேடம் தேடிப் பாத்தாங்க. அதுக்கும் ஒரு இடம் இருந்துச்சு. அமுக்கினாங்க. இப்ப "வெளிய போயிருக்குதுங்க"ன்னு வந்து பக்கத்துலயே யாருகிட்டன்னு பேரு, என்னிக்குத் திருப்போணும்னு தேதி, ரெண்டும் வருது.

தலைவரு போன் பண்ணிப் பாராட்டினாராம். அவரு சம்சாரம் நேர்லயே வந்து பாத்துட்டு, உங்க வீட்டுக்காரரு இதையெல்லாம் பாத்தா சந்தோசப்படுவாருல்லன்னாங்க. அவரு போய்ச் சேர்ந்து வருசமாச்சுங்கன்னேன். பாவம், அந்த அம்மா கண்ணு கலங்கிட்டாங்க.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஞாயித்துக்கிழமைக் கூட்டம். பொன்னருவி வந்துச்சு. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாக்குது, தேனிப் பக்கம் சொந்த ஊரு, மக இங்க பத்தாவது படிக்குது. பேசறதே நாலு வார்த்தைதான். வந்தா சுவரை ஒட்டி, வாசலைப் பாத்த நாற்காலியிலதான் உக்காரும். அந்த நாற்காலியில ஆளு இருந்தா நின்னுக்கிட்டே படிக்கும். நான் சாப்பாட்டு நேரத்துல அதே நாற்காலியிலதான் உக்காருவேன். காத்து நல்லா வரும்.

பொங்கல் நோம்பிக்கு எல்லாரையும் நிக்கவெச்சு போட்டோ எடுத்தப்பக்கூட கக்கூஸுக்குப் போறேன்னு போயிருச்சு. உனக்கு வயித்துக்குக் கேமரா ஒத்துக்காதா அம்மணின்னு கிண்டல் பண்ணினேன்.

இன்னிக்குத் தேனீ வளர்ப்பு புஸ்தகம் எடுத்துச்சு. பனியன் கம்பெனியில தேனீயா வளக்கறீங்கன்னேன். அப்பா வளத்தாருக்கா, பெட்டி வச்சிருந்தாருன்னு சொல்லிச்சு. அது அப்பாவைப் பத்திப் பேசி இன்னிக்குத்தான் கேட்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

அலமாரிக்குக் கரையான் மருந்து அடிச்சோம். மேடம் பேங்குக்குப் போயிருந்தாங்க. ஒருத்தரு போன்ல தேனீ புஸ்தகம் கேட்டாரு, சொன்னேன். மருந்து நாத்தம் கையை விட்டுப் போகவே இல்ல.

பிப்ரவரி 11, ஞாயிறு

எழுதோணும்னு உக்காந்து ரொம்ப நேரம் ஆச்சு.

மத்தியானம் ரங்கசாமி அய்யா செல்போனை எடுத்துக்கிட்டுப் பொன்னருவிகிட்ட போனாரு. தேனீ புஸ்தகம் உன்கிட்டதான் இருக்காம், கம்ப்யூட்டரே சொல்லுது பாரு, படிச்சாச்சான்னு கேட்டு நீட்டினாரு. பொன்னருவி அதை வாங்கிப் பாத்துச்சு.  போனைத் திருப்பிக் கொடுக்கக் கை வரல. அய்யாவே விரலைப் பிரிச்சு வாங்கிக்கிட்டாரு.

நான் அலமாரிச் சந்துக்குள்ள கூட்டிட்டுப் போனேன். தண்ணி கொடுத்தேன், குடிக்கல. இது நம்ம லைப்ரரிக்குள்ள மட்டும் தெரியுமாக்கா, இல்ல எல்லாருக்கும் தெரியுமான்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியலைன்னேன். அது தன்னோட போன்ல தன் பேரை அடிச்சுத் தேடிச்சு. முதல்ல வந்தது நம்ம மாம்பழ மஞ்சள்தான். பேரு, ஊரு, புஸ்தகம், தேதி.

இதுக்கு முன்னாடி ரெண்டு ஊருல இருந்துருக்குது. ரெண்டு இடத்துலயும் அது வீட்டுக்காரன் வந்து கண்டுபிடிச்சுட்டானாம். ஒரு தடவை போலீஸுக்குப் போச்சாம், அவங்க ரெண்டு பேரையும் உக்காரவச்சு சமாதானம் பேசி அவன்கூடவே அனுப்பிட்டாங்களாம்.

"சத்தம் போடுற ஆளு இல்லக்கா. சிரிச்சுக்கிட்டே இருப்பாரு. அயர்ன்பாக்ஸ சூடு பண்றப்பக்கூட சிரிச்சுக்கிட்டேதான் பண்ணுவாரு."

எல்லா ஆம்பளையும் அப்படியில்லைன்னு சொல்ல வாயெடுத்தேன். ஜாக்கெட் கையை முழங்கைக்குக் கீழ இழுத்து விட்டுக்கிட்டேன்.

எங்கியாவது போயிர்றியா அம்மணின்னு கேட்டேன். "இனி ஓட முடியாதுக்கா. பிள்ள பரிச்ச எழுதணும். போன தடவ பாதியில இழுத்துட்டு வந்ததுல ஒரு வருசம் போச்சு அவளுக்கு"ன்னுச்சு.

பிப்ரவரி 12, திங்கள்

மேடத்துகிட்ட எல்லாம் சொன்னேன். நெத்தியில கையை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. நான் ஒரு பொத்தானைத்தானே அமுக்கினேன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. பொன்னருவியும் லீவு போட்டுட்டு வந்திருந்துச்சு.

பேரை எடுத்துரலாம்னு மேடம் உக்காந்தாங்க. ஆனா நம்ம பக்கத்துல எடுத்தாலும் வெளியில தேடறவங்களுக்குக் கொஞ்ச நாளைக்குப் பழசுதான் காட்டுமாம். அவன் ஏற்கெனவே பாத்திருந்தா, நேத்து இருந்த பேரு இன்னிக்கு இல்லைன்னா மறைக்கறாங்கன்னு அவனுக்கே தெரிஞ்சு போயிரும்னு பொன்னருவி சொல்லிச்சு. அவன் வர்றதா இருந்தா ஞாயித்துக்கிழமை வருவான்னேன் நான். எப்படிச் சொல்றேன்னு மேடம் கேட்டாங்க. தேதி அதுலயே போட்டிருக்குதுங்களே, பதினெட்டாந்தேதி ஞாயிறுதானேன்னேன். அதுவும் நிசம்தான்.

மேடத்துக்கு ஒரே அவசரம். அந்த வரியை அப்படியே காப்பி பண்ணி எங்கியோ ஒட்டி, எதையோ அமுக்கிட்டாங்க. பக்கம் திரும்பி வந்துச்சு. பாத்தா, வெளிய போன அத்தனை புஸ்தகத்துக்கும் பக்கத்துல ஒரே வரி: "வெளிய போயிருக்குதுங்க – பொன்னருவி". சமையல் புஸ்தகம், பஞ்சாங்கம், இங்கிலீஷ் அகராதி, குழந்தைங்க படக்கதை, வக்கீலு படிக்கற தடிப் புஸ்தகம். எல்லாம் பொன்னருவி. மத்தவங்க பேரு ஒண்ணுகூட இல்ல.

மேடம் அழுதுருவாங்க போல இருந்துச்சு. எனக்கு அந்த நேரத்துலயும் சிரிப்பு வந்துருச்சு. லைப்ரரியவே மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போயிட்டியா அம்மணின்னு கேட்டுட்டேன். 

மேடம், அதை மாத்தாதீங்க, அப்படியே விடுங்கன்னேன்.

ஒரு பொம்பளை பேருல ஒரு புஸ்தகம் இருந்தா அவ ஒரு ஆளு. ஊருல இருக்கற அத்தனை புஸ்தகமும் ஒரே பேருல இருந்தா அது ஆளே இல்ல, கம்ப்யூட்டரு கோளாறு. இதைச் சொல்ல எனக்கு வாய் குழறுச்சு, ஆனா பொன்னருவிக்குப் புரிஞ்சிருச்சு. "அப்ப நான் இல்லாம போயிருவேனாக்கா"ன்னு கேட்டுச்சு. சிரிச்சுச்சா இல்லையான்னு தெரியல. சரி, அப்படியே இருக்கட்டும்னு அதுவே சொல்லிச்சு.

மேடம் கேட்டாங்க, ஞாயித்துக்கிழமை லைப்ரரியைப் பூட்டிட்டா என்னன்னு. பூட்டினா பக்கத்துக் கடையில கேப்பான். பக்கத்துக் கடைக்காரன் நல்லவன், தெரிஞ்சதைச் சொல்லிருவான்னேன்.

பிப்ரவரி 14, புதன்

காலையில இருந்து வந்தவங்க எல்லாரும் ஒரே கேள்வி, என் புஸ்தகம் எப்படி அந்தப் புள்ளை பேருல போச்சுன்னு. கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல், சரியாயிரும்னு சொல்லி அனுப்பறேன். போனும் அடிச்சுக்கிட்டே இருக்குது. ரெண்டு தடவை எடுக்காமயே விட்டேன்.

பொன்னருவி கேட்டுச்சு, உங்க வீட்டுக்காரரு எங்கக்கான்னு. பம்பாய்லன்னேன். துபாய்னு அய்யா சொன்னாரேன்னுச்சு. வழியில எறங்கிட்டாருன்னேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

சோறு வெச்சேன். எனக்கு இறங்கல. தண்ணி ஊத்தி வெச்சிருக்கேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

வந்தான்.

பொன்னருவியையும் மகளையும் மேடத்தோட அக்கா வீட்டுக்கு நேத்தே அனுப்பியாச்சு. இங்க மேடமும் நானும்தான். பேப்பர் படிக்கறவங்க நாலு பேரு.

வெள்ளைச் சட்டை, நல்லா வாரின தலை. வாசல்ல செருப்பை ஒழுங்கா ஜோடி சேத்து விட்டுட்டு வந்தான். கையில ஒரு பை. கவுண்டர்ல வெச்சு, "அக்கா, நம்ம கம்பத்துப் பன்னீர் திராட்சை, உங்களுக்குத்தான்"னான். அவ்வளவு மரியாதை. சிரிப்பு முகத்தை விட்டு இறங்கவே இல்ல.

சம்சாரத்தைத் தேடி வந்திருக்கானாம். புத்தி கொஞ்சம் சரியில்லாதவ, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா, மாத்திரை சாப்பிடாம அலையறான்னு சட்டைப் பையில இருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினான். பாதி மாத்திரை தீர்ந்திருந்துச்சு. யாரு தின்னாங்களோ. பேரு பொன்னருவின்னான்.

நான் சிரிச்சேன். எப்படிச் சிரிச்சேன்னு இப்ப நினைச்சாலும் தெரியல. ஏனுங், நீங்களுமான்னேன். அந்தப் பொன்னருவியைத் தேடி தினத்துக்கும் ஒருத்தரு வர்றாங்க, வாங்க காட்டறேன்னு கம்ப்யூட்டருகிட்ட கூட்டிட்டுப் போனேன். ஒவ்வொண்ணாத் தொறந்து காட்டினேன். பஞ்சாங்கம், பொன்னருவி. அகராதி, பொன்னருவி. படக்கதை, பொன்னருவி. இத்தனையும் ஒரு பொம்பளை படிச்சா அவளுக்குப் புத்தி எப்படிங்க சரியா இருக்கும்னேன்.

அவன் என்னையப் பாக்கல, திரையைப் பாத்தான். அப்புறம் மேடத்தைப் பாத்தான். மேடம் கண்ணாடியைக் கழட்டாம, ஆபீசர் குரல்ல சொன்னாங்க: "அது டெமோ பெயர் சார். புது டிசைன் போடும்போது கம்பெனியில டெஸ்ட்டுக்குக் கொடுத்தது. எடுக்கச் சொல்லி எழுதியிருக்கோம்."



அவன் நகரல.

"போன்ல கேட்டப்ப, ஞாயித்துக்கிழம வருவாங்க, நல்ல பிள்ள, வாசலப் பாத்த சேர்லதான் உக்காரும்னு ஒரு அக்கா சொன்னாங்களே. உங்க கொரலு மாதிரியே இருந்துச்சு."

மேடம் திரும்பி என்னையப் பாத்தாங்க. நான் அந்தப் பக்கம் பாக்கல.

நான்தானுங்க சொன்னேன்னேன். எல்லாப் புஸ்தகமும் ஞாயித்துக்கிழமைதான் வரும். யாரு போன் பண்ணினாலும் அதைத்தான் சொல்லுவேன். நல்லவங்களான்னு கேட்டா நல்லவங்கம்பேன், சேருல உக்காருவாங்களான்னு கேட்டா உக்காருவாங்கம்பேன். போனை வெச்சாத்தானே என் வேலை நடக்கும்னேன். வேணும்னா அந்தச் சேருல நீங்களே உக்காருங்கன்னேன்.

உக்காந்தான். வாசலைப் பாத்துக்கிட்டு, அதே சேருல.

நான் அடுக்கின புஸ்தகத்தையே எடுத்து மறுபடி அடுக்கினேன்.  அப்ப ரங்கசாமி அய்யா வந்தாரு. வாசல்ல இருந்தே அந்த நாற்காலியைப் பாத்தாரு, புது ஆளைப் பாத்தாரு, வாயைத் தொறந்தாரு. எனக்குத் தெரியும், பொன்னருவி வரலியான்னுதான் கேக்கப் போறாரு.

முந்திக்கிட்டேன். வந்துட்டீங்களா, வீட்டுல மருமக சோறு போடாம வெரட்டிட்டாளா, ஓசியில காத்து வாங்க இதுதான் சத்திரமான்னு கேட்டேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரி. அவரு வீட்டுல நிசமாவே அந்தச் சண்டை நடக்குது. என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தாரு.

அய்யா முகம் சுருங்கிப் போச்சு.  திரும்பி, செருப்பைத் தடவி மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

அவன் அதைப் பாத்துச் சிரிச்சான். உங்களுக்கு வாய் ஜாஸ்திக்கான்னான். பொழுதோட, கதவு சாத்தற நேரம் வரைக்கும் இருந்தான். போறப்ப ஒரு துண்டுச் சீட்டுல நம்பர் எழுதி வெச்சான். கோளாறுதான் போலன்னான். கோளாறா இல்லாட்டி சொல்லுங்கன்னான்.

செருப்பை மாட்டிக்கிட்டுத் தெருவுல இறங்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனான். பேக்கரிக்கார அம்மா பாத்துச் சொன்னாங்க, தேனி பஸ்ஸுல ஏறிட்டான்னு.

மேடம் என்கிட்ட எதுவும் கேக்கல. பூட்டுச் சாவியை மட்டும் கையில கொடுத்தாங்க. கொஞ்ச நேரம் அந்தக் கையை விடல.

பிப்ரவரி 19, திங்கள்

திராட்சையை என்ன பண்றதுன்னு தெரியல. வாயில வெக்க மனசு வரல. பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். அது பாட்டுக்குத் தின்னுச்சு.

ரங்கசாமி அய்யா வீட்டுக்குப் போனேன். மருமகதான் கதவு தொறந்துச்சு. அய்யா உள்ள இருந்து வரல. தூங்கறாருன்னு சொல்லிச்சு. டிவி சத்தம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

பிப்ரவரி 25, ஞாயிறு

பொன்னருவி திரும்பி வந்துச்சு. லைப்ரரிக்கு இல்ல, வேலைக்கு. பரீட்சை முடியற வரைக்கும் இங்க வர வேண்டாம்னு சொல்லியிருக்கேன். தேனீ புஸ்தகத்தை என் வீட்டுக்கு வந்து கொடுத்துச்சு. போன் எடுத்தது நீங்கதானேக்கான்னு கேக்கும்னு நினைச்சேன். கேக்கல. மேடம் சொல்லலை போல. நானும் சொல்லல.

அந்த நாற்காலியை இடம் மாத்திட்டேன். இப்ப அது சுவரைப் பாத்துக் கிடக்குது. சாப்பாட்டை நின்னுக்கிட்டே சாப்பிடறேன்.

மார்ச் 27, புதன்

பத்தாவது பரீட்சை நடந்துக்கிட்டு இருக்குது. நேத்துத் தமிழ் நல்லா எழுதிச்சாம் பொன்னருவி மக. அவன் வரல. வர மாட்டான்னு யாரும் சொல்லல.

மேடம் இன்னிக்குப் பேரு வர்றதை மொத்தமா எடுத்துட்டாங்க. வெளியில தேடினாலும் இப்ப எதுவும் வர்றதில்லையாம். இனி "வெளிய போயிருக்குதுங்க" மட்டும்தான். யாருகிட்டன்னு கேட்டா எனக்குத் தெரியாதும்பேன். ரங்கசாமி அய்யா இன்னிக்குத்தான் வந்தாரு. என்கிட்ட பேசல. பேப்பரை எடுத்துக்கிட்டு அந்தச் சுவரைப் பாத்த நாற்காலியில போயி உக்காந்தாரு. சித்தெ நேரம் கழிச்சு, துபாய்க்காரன் எப்ப வர்றான்னாரு. அவரு முகத்தைப் பாக்கல நான். லீவு கிடைக்கலைங்கன்னேன்.

மத்தியானம் மேடம் சாப்பிடப் போனப்ப கம்ப்யூட்டரு முன்னாடி உக்காந்தேன். மாம்பழ மஞ்சள் நல்லாத்தான் இருக்குது. தேடற கட்டத்துல ஒரு பேரைத் தட்டினேன். ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி. அது என்ன பேருன்னு இங்க எழுத மாட்டேன். எனக்கு அப்பன் வெச்ச பேரு, பூவாத்தாள் இல்ல.

அது நம்மகிட்ட இல்லீங்க. வேற என்ன தேடறீங்க?

இன்னொரு தடவை தட்டினேன். பழைய ஊரு பேரையும் சேத்துத் தட்டினேன்.

அது நம்மகிட்ட இல்லீங்க.

அழிச்சுட்டு எழுந்து, தரையைத் தொடைச்சேன். காலையில தொடைச்ச தரைதான்.